மகாராஜாவின் தகரக் குழல்

மருதங்காட்டு மகாராஜா குலோதரராயருக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் தகரக் குழல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நாட்டுக்கு அதைவிடப் பெரிய கெடுதலை எந்த எதிரியும் செய்ததில்லை. மகாராஜா அதை வாயில் வைத்தவர்தான், எடுக்கவே இல்லை.

முதல் நாளே ராணி, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று பல்லக்கு ஏறினாள். அவள் அம்மா செத்து வருஷக்கணக்காகிறது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த இளவரசன், காட்டுக்குத் தவம் செய்யப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். வெளியூர் ஆட்கள் அரண்மனை வாசலில் நின்று, "உள்ளே யாருக்குப் பிரசவம்? மருத்துவச்சியைக் கூப்பிடவில்லையா?" என்று காவலாளியிடம் விசாரித்தார்கள். கோட்டையை முற்றுகையிட வந்த பக்கத்து நாட்டு ராஜாவோ கூடாரங்களைக்கூடப் பிரிக்காமல் ஓடிவிட்டார்.

"என் சங்கீதம் பகைவனையே உருக்கிவிட்டது!" என்று மகாராஜா பூரித்துப்போனார்.

சபையில் நல்லையா என்று ஒருவன் இருந்தான். வாய்தான் அவனுக்குச் சொத்து. தளவாய் திருமேனிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. போய் வத்தி வைத்துவிட்டார்.

"மகாராஜா, எல்லாரும் தங்கள் வாசிப்பைப் புகழ்கிறார்கள். நல்லையா மட்டும் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா?"

மகாராஜாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் சபையில் ஒரு முழு ராகத்தை ஊதி முடித்தார். மாடத்துப் புறாக்கள் எல்லாம் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டன.

"நல்லையா! என் வாசிப்பு எப்படி? பொய் சொன்னால் உன் தலை போகும். என்னைப் பழித்தாலும் தலை போகும்!"

பாவம், நல்லையா என்ன செய்வான்? கை கூப்பினான்.

"மகாராஜா, தாங்கள் குழலைக் கையில் எடுத்துவிட்டால்... அடடா, கேட்கவே வேண்டாம்!"

மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தளவாய் துள்ளி எழுந்தார்.

"ஏமாந்துவிடாதீர்கள் மகாராஜா! கேட்கவே வேண்டாம் என்றால், காதிலேயே விழ வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே பழிக்கிறான்!"

மகாராஜாவின் கை வாளுக்குப் போனது.

"ஐயோ மகாராஜா!" என்றான் நல்லையா. "நல்ல சமையலைச் சாப்பிட்டால் 'ருசியைக் கேட்கவே வேண்டாம்' என்கிறோமே, அதைப்போலத்தானே சொன்னேன்! தளவாய் காதில்தான் ஏதோ கோளாறு. தாங்கள் இன்னொரு தடவை ஊதுங்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பொழுது சாயும்வரை கேட்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்று மகாராஜா குழலை எடுத்தார்.

தளவாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினார்.

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! எனக்குக் கேட்கவே வேண்டாம்!"

மகாராஜா குழலும் கையுமாகத் திரும்பினார்.

"ஏன் நல்லையா, நீ சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார்?"

"இல்லை மகாராஜா. நான் சொன்னதற்கு இரண்டு அர்த்தம். தளவாய் சொன்னதற்கு ஒன்றுதான்!"

மகாராஜா திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் குழல் கீழே விழுந்து உருண்டது. அதை அவர் எடுக்கவில்லை. தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து நல்லையாவுக்குப் போர்த்திவிட்டார்.