கழுத்தளவு தண்ணீர்

காட்டுக் குட்டையில் கருவாயன் என்றோர் எருமை கிடந்தது. கழுத்துவரை தண்ணீருக்குள் இருந்தால்தான் அதற்கு உலகம் ஒழுங்காக இருக்கும்.

வெயில் காலம் வந்தது. குட்டை வற்றத் தொடங்கியது. மந்தை ஆற்றுக்குக் கிளம்பியது.

"வாடா, இங்கே தண்ணி தீரப்போகுது!" என்றது ஒரு கிழட்டு எருமை.

"நேத்தும் கழுத்தளவு, இன்னைக்கும் கழுத்தளவு! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

நேற்று நின்றது கரையோரம். இன்று நின்றது நடுக்குட்டை. அதைப் பற்றிக் கருவாயன் யோசிக்கவே இல்லை.

"நீங்க சொன்னா சரிதாண்ணே!" என்றது அதன் முதுகிலிருந்த உண்ணிக்கொக்கு. கொத்தித் தின்ன உண்ணி இருக்கும்வரை கொக்குக்கு எல்லாமே சரிதான்.

மந்தை போய்விட்டது.

நடுவிலும் தண்ணீர் குறைந்தது. கருவாயன் முட்டி போட்டது. கழுத்தளவு! இன்னும் குறைந்தது. சேற்றில் புதையப் படுத்துக்கொண்டது. கழுத்தளவு! அதற்குப் பெருமை தாங்கவில்லை.

குப்பாச்சி என்ற தவளை சேற்றிலிருந்து தலையை நீட்டியது. "ஏ தடியா, எழுந்து நின்னு பாரு!"

"எதுக்கு? என்னை விரட்டிட்டுக் குட்டையை நீயே வச்சுக்கவா?"

"எனக்கு எதுக்குடா குட்டை? நான் மண்ணுக்குள்ள புதைஞ்சு மழை வரைக்கும் தூங்கிடுவேன். நீ புதைஞ்சா செத்துப்போவே!"

"பொறாமை பிடிச்சவ! தம்பி கொக்கு, இவ பொய்தானே சொல்றா?"

கருவாயன் திரும்பி முதுகைப் பார்த்தது. முதுகில் சேறு காய்ந்து ஓடாக இறுகியிருந்தது. உண்ணி கிடைக்காத கொக்கு காலையிலேயே பறந்துவிட்டது.

கருவாயன் அவசரமாக எழப் பார்த்தது. சேறு விடவில்லை. முக்கியது, முனகியது, கால்களைப் பிய்த்துக்கொண்டு ஒருவழியாக நின்றது. குனிந்து பார்த்தது. தண்ணீர் குளம்பைக்கூட மூடவில்லை.

"இப்ப எந்தளவு?" என்றது தவளை.

"வாயை மூடு! ஆறு எந்தப் பக்கம்?"

"மந்தை போன தடம் தெரியுது பாரு. ஓடு!"

தோல் வெடிக்க, நாக்குத் தள்ள, தள்ளாடிப் போய் ஆற்றில் விழுந்தது கருவாயன். அங்கே கிழட்டு எருமையின் முதுகிலிருந்து கொக்கு கத்தியது: "தண்ணி தீரும்னு நான் அப்பவே நினைச்சேண்ணே!"

கருவாயன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு முட்டக் குடித்தது. பிறகு நிமிர்ந்து நின்று, தண்ணீர் எதுவரை வருகிறது என்று பார்த்தது.

நம்பியதற்கு ஏற்றபடி படுத்துக்கொண்டே அளந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எழுந்து நின்று அளப்பவன்தான் பிழைப்பான்.