வரவு உண்டா

வடிவம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பொழுதில் சோறு வடித்து இறக்கியதும், ஒருவர் வாசலுக்குப் போய் வெறும் பாதையைப் பார்த்து, "வரவு உண்டா?" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது வந்தால் அவருக்கு இலை போட்ட பிறகுதான் மடத்தார் உட்காரலாம்.

அந்தக் குரல் சிதம்பரதாணுவுடையது. பருத்தி மண்டியில் வரவு செலவு எழுதி ஓய்ந்தவர். வடிவம்மையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் அவர்தான் சீடர், அந்த அம்மாள்தான் குரு. வயதைப் பார்த்தா ஞானம் வருகிறது? சுற்றிலும் கரிசல் காடு. தாணு கூப்பிட்டு வருவது என்னவோ பெரும்பாலும் ஓர் ஆட்டுக்காரர்தான், இல்லையென்றால் காற்று.

அன்று காலையிலிருந்தே மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டைப்பையில் வங்கிக் காகிதம் இருந்தது. சாயங்காலத்துக்குள் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மகள் ஆவுடைக்குப் படிப்புக் கடன். இல்லாவிட்டால் கல்லூரியில் அவள் இடம் போய்விடும்.

அவள் கேட்பதோ பொதுப் பட்டப்படிப்பு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சட்டம் என்று எல்லாம் சேர்த்துக் கட்டிய கதம்பம். எல்லாவற்றையும் கொஞ்சம் பார்த்தால்தானே எனக்கு எது என்று தெரியும் என்றாள் அவள். அதே படிப்பைப் படித்த பிள்ளைகள் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவதைக் கண்ணால் பார்த்தவர் தாணு. வாங்குகிற சம்பளத்தில் பாதி தவணைக்கே போகிறதாம். இன்னொரு பக்கம், பக்கத்து ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள். கடனும் இல்லை, அடுத்த மாதமே கையில் சம்பளம்.

இதையெல்லாம் அம்மையிடம் கொட்டித் தீர்த்தார்.

"செலவு எனக்குத் தெரியுது அம்மா, வட்டியோட கணக்குப் போட்டுட்டேன். வரவுதான் தெரியல. அது எம்புட்டுன்னு தெரிஞ்சா இப்பவே கையெழுத்துப் போட்டிருவேன், இல்ல கிழிச்சுப் போட்டிருவேன்."

வடிவம்மை மோருக்கு உப்புக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"வரவைக் கேக்கதுதான உங்க வேலை, அண்ணாச்சி. போய்க் கேளுங்க."

"நான் துட்டைச் சொல்லுதேன் அம்மா."

"நீங்க எதை நினைச்சுக் கூப்பிடுதீங்களோ அது வரும். வந்தா, சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள கேட்டுக்கிடுங்க. கை கழுவிட்டா அப்புறம் பதில் கிடையாது."

கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு தாணு வாசலுக்குப் போனார். வெயில் நட்டநடு உச்சியில் நின்றது. அதுவரை கத்திக்கொண்டிருந்த காக்கைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவர் ஆவுடையின் சம்பளத்தை மனதில் நிறுத்தி, "வரவு உண்டா?" என்றார். வழக்கமாக எதிர்ப் பாறையில் முட்டித் திரும்பும் குரல் அன்று திரும்பவில்லை.

பாதைத் திருப்பத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் நடந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. திருப்பத்தில் இருந்தாள், அப்புறம் உடைமரத்தடியில் இருந்தாள், அப்புறம் வாசலில் இருந்தாள். பாதத்தில் செம்மண்ணும் இல்லை, கரிசலும் இல்லை. நிழலைத் தேடினார். உச்சிப் பொழுதில் யாருக்குத்தான் நிழல் விழுகிறது, அவருக்கே இல்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரைத்திருந்தது. உள்ளே வந்து இலைக்கு முன் உட்கார்ந்தாள். தாணு பரிமாறினார். அவள் குழம்பைத் தொடாமல் மோரை ஊற்றிப் பிசைந்தாள். பிறகு மோரில் கிடந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து, இலை ஓரத்தில் நுனி வெளியே பார்க்க வரிசையாக அடுக்கினாள்.

தாணு கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பழக்கத்துக்காக வீட்டில் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார்கள். அன்று காலை உப்புமாவிலும் அவருடைய மகள் அப்படித்தான் அடுக்கிவைத்துவிட்டு எழுந்தாள். பதினெட்டு வயது மகள்.

வீட்டில் கூப்பிடுவதுபோல் 'ஏட்டி' என்று நாக்கு நுனிவரை வந்தது. நரையைப் பார்த்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது. அதோடு சேர்ந்து, பாதிச் சோறு தீர்ந்துவிட்டதே என்ற பதற்றமும் வந்தது.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார்.

அவள் தலை நிமிராமல் ஒரு தொகையைச் சொன்னாள்.

தாணு கண்ணை மூடிக்கொண்டார். விரலை மடக்கித் தவணையைக் கழித்தார், வட்டியைக் கழித்தார், வாடகை, பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்தார். ஓர் இடத்தில் தப்பு வந்து, மறுபடியும் முதலிலிருந்து போட்டார். கொல்லைப்பக்கம் யாரோ தண்ணீர் மொண்டு கை கழுவும் சத்தம் கேட்டது. கண் திறந்தபோது இலை மடித்துக் கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி விளிம்பு வரை நிறைந்து அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கொல்லை நடையில் வடிவம்மை நின்றிருந்தார்.

"சொல்லிட்டா அம்மா. கடன் போக மிச்சம் நிக்குது" என்றார் தாணு. மூச்சு வாங்கியது. அங்கேயே சுவரில் காகிதத்தை வைத்து, பேனாவைத் திறந்தார்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை. வந்தது எந்த ஆவுடை? கடன் வாங்கிப் படித்தவளா, படிக்காமல் தீப்பெட்டி ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளா? அவள் சொன்ன தொகை படித்தவளுக்கும் பொருந்தும், மற்றவளுக்கும் பொருந்தும். அவருக்கு அழுகை வந்தது.

"படிச்சியான்னு கேக்க விட்டுப்போச்சு அம்மா."

"பக்கத்தில நின்னுதான பரிமாறுனீங்க? முகத்தைப் பாத்தாத் தெரியலையா?"

"கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

வடிவம்மை மடித்த இலையை எடுக்க உள்ளே திரும்பினார்.

"இந்த வழியாத்தான போயிருக்கணும்? நீங்க பாத்தீங்களா அம்மா? சந்தோசமா இருக்காளா? உங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

"சொல்லல. ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"எனக்குச் சோறு போட்டுட்டு விரலை மடக்கிக்கிட்டு நின்னாரே, அந்தக் கணக்குப்பிள்ளை யாருன்னு கேட்டா."