பிள்ளையாருக்குப் போட்ட திரை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், செங்கோடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷன். ஆனால் கடைசியாகக் காதில் பேசியது யாரோ, அவர் சொன்னதுதான் அன்றைக்கு வேதம். காலட்சேபம் கேட்டுவிட்டு வந்தால் தானம் தானம் என்று அலைவார். வைத்தியர் வந்து போனால் அரண்மனை முழுக்கக் கஷாயம் குடிக்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்ட காதில் ஒருநாள் தர்மாதிகாரி திரியம்பகர் பேசினார். நாட்டின் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். நெற்றி நிறைய விபூதி, கழுத்து நிறைய ருத்திராட்சம், மனசு நிறைய மைத்துனன். அந்த மைத்துனனுக்கு அரண்மனையில் ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஓயாத நச்சரிப்பு.

"மாமன்னா, தங்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் வெள்ளையன் கோயில் வாசலை மிதித்தே பல வருஷம் ஆகிறது. கடவுளுக்கே பயப்படாதவன் வேறு யாருக்குப் பயப்படுவான்? அந்த வெற்றிலைக்குள் அவன் எதை வைத்தாலும் யார் கண்டது?"

ராஜாவின் வாயில் அப்போது வெற்றிலை இருந்தது. மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. துப்பினால் மரியாதை போகும், விழுங்கினால் உயிர் போகுமோ என்று சந்தேகம்.

"வெள்ளையா, உண்மையா?" என்று ஒரு கன்னத்தால் கேட்டார்.

"கோயிலுக்குப் போறதில்லீங்க மகாராஜா. போகணும்னு மனசுக்குத் தோணலீங்க. கும்பிடறவங்களை நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க" என்றான் வெள்ளையன், வெற்றிலைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு.

பொய் சொல்லியிருக்கலாம். அது அவனுக்கு வராது. சபையே அவனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தது. குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார்.

சபை விகடன் பொன்னுரங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. அவன் நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். சாமியும் பிடிக்கும், சுண்டலும் பிடிக்கும், எது அதிகம் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் மத்தியானத்தில் அவன் சோற்று மூட்டையை அவிழ்ப்பது வெள்ளையன் பக்கத்தில்தான். காய்ச்சலில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவன் வெள்ளையன். அந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

"அரசே, அவன் இதுவரை ஒரு பாக்குத்தூள்கூடத் திருடியதில்லை" என்று எழுந்தான்.

"நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் திருடவில்லை" என்றார் திரியம்பகர்.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "விகடரே! யாரும் பார்க்காதபோதும் அவன் யோக்கியனாக இருப்பதை எனக்குக் காட்டும். நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் தன்னை மனிதர் எவரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்திருக்க வேண்டும். காட்டத் தவறினால் நீரும் அவனோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"மனிதர் பார்க்கக் கூடாது, சரி. கடவுள் பார்க்கலாம் அல்லவா?"

"கடவுள் எந்நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்!" என்று கர்ஜித்தார் தர்மாதிகாரி.

"அது போதும்" என்று பொன்னுரங்கம் உட்கார்ந்தான்.

மறுநாள் சதுர்த்தி. நைவேத்தியம் ஆகும்வரை அரண்மனையில் யாரும் வாயில் எதையும் போடக் கூடாது என்பது வழக்கம். பூஜை மண்டபத்துப் பிள்ளையார் ஆள் உயரம், அகலமும் அதற்கேற்ற மாதிரி. அவருக்கு முன்னால் ஒரு திரையும் பின்னால் ஒரு மாடமும் உண்டு. பொன்னுரங்கம் ராஜாவை மாடத்துக்குள் உட்காரவைத்தான்.

"கடவுள் பார்க்கலாம் என்று சபையிலேயே முடிவாகிவிட்டது, அரசே. அவர் இடத்தில் இருந்து பாருங்கள்."

பிள்ளையாரின் காலடியில் தட்டு நிறையக் கொழுக்கட்டை, ஆவி பறக்க. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தனியே போய் ராஜாவின் நலத்துக்காகச் சிறிது நேரம் பிரார்த்திக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் திரியம்பகர், பிறகு சேனாபதி, பிறகு பொக்கிஷதாரர், கடைசியில், அரச கட்டளை என்று வெள்ளையன்.

கதவுக்கு வெளியே பொன்னுரங்கம் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தான். வெள்ளையனிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது பரீட்சை ஆகாதே. ஆனால் பசி பொல்லாதது. அவனும் ஒன்றை எடுத்துவிட்டால்? 'தொலைந்தோம், ரெண்டு பேரும் ஒரே வண்டியில் போக வேண்டியதுதான்' என்று நினைத்துக்கொண்டான்.

எல்லோரும் போய் வந்ததும் ராஜா மாடத்திலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு மண்ணும் தெரியவில்லை, விகடரே! திரியம்பகர் வந்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அப்புறம் திரையை இழுத்துவிட்டார். சேனாபதியும் அப்படியே, பொக்கிஷதாரரும் அப்படியே. வெளியே போகும்போதுதான் மறுபடி திறக்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று நான் எப்படிப் பார்ப்பது?"

"எதற்காகத் திரை போட்டார்கள், அரசே?"

ராஜா திரும்பித் தட்டைப் பார்த்தார். பாதிக் கொழுக்கட்டையைக் காணோம்.

"வெள்ளையன்?" என்று பொன்னுரங்கம் கேட்டான்.

"அவன் திரையைத் தொடவே இல்லை" என்றார் ராஜா மெதுவாக. "தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டான். மடியிலிருந்து தன் வாழைப்பழங்களை எடுத்துக் காலி இடத்தில் அடுக்கினான். 'நீ இருக்கியோ இல்லையோ எனக்குத் தெரியாது சாமி, தட்டு குறைஞ்சா மடைப்பள்ளிப் பொம்பளைங்க தலைதான் உருளும்'னு பிள்ளையாரிடமே சொல்லிவிட்டுப் போனான்."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் விகடன் என்று யாரும் மதிக்க மாட்டார்களே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

சபை கூடியது. ராஜா நடந்ததைச் சொன்னார். சேனாபதி கூரையைப் பார்த்தார், பொக்கிஷதாரர் தரையைப் பார்த்தார். திரியம்பகருக்கு இரண்டுக்கும் நடுவே இடம் கிடைக்காமல் வேர்த்துக் கொட்டியது.

"பக்தி வேஷம்!" என்று உறுமினார் ராஜா. "இவர்களை எல்லாம்..."

"வேஷம் இல்லை அரசே" என்று பொன்னுரங்கம் குறுக்கே விழுந்தான். "நம்பாதவன் எதற்குத் திரை போடுவான்? பிள்ளையார் பார்க்கிறார் என்று இவர்கள் மனசார நம்புகிறார்கள். அவர் முகத்துக்கு நேரே தப்பு செய்ய வெட்கப்படுகிறார்கள். நானும் அந்த ஜாதிதான், சுண்டல் வாங்க இரண்டாம் தடவை நிற்கும்போது சாமி பக்கம் திரும்ப மாட்டேன். நம்பிக்கை இருப்பவனுக்கும் சபலம் உண்டு, நம்பிக்கை இல்லாதவனுக்கும் இரக்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறானா என்று மட்டும் கேட்டால் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது."

திரியம்பகர் தலை நிமிர்ந்தார். "என் பேச்சால் உன் பிழைப்பு போக இருந்தது வெள்ளையா. தப்பு என்னுடையது" என்றார். வெள்ளையன் பதறிப்போய், "பசி நேரம் சாமி, விடுங்க" என்றான்.

ராஜா உத்தரவை ரத்து செய்தார். எல்லோரும் பார்க்க வெள்ளையனிடம் வெற்றிலை வாங்கி, பிரித்துப் பார்க்காமல் வாயில் போட்டார். பிறகு மீசையை முறுக்கிக்கொண்டு, "ஆனாலும் நைவேத்தியத்துக்கு முன்பே கை வைத்தார்களே, விகடரே. என்ன துணிச்சல்!" என்றார்.

பொன்னுரங்கம் கிட்டே போய்க் காதோடு சொன்னான்: "துணிச்சல்தான் அரசே. மீசையில் தேங்காய்ப் பூரணம் ஒட்டியிருக்கிறது."

ராஜாவின் கை மீசையிலேயே நின்றது. முகத்தில் அசடு வழிந்தது.

"நான் பின்னாலிருந்து கையை நீட்டினேன், திரை போடவில்லை ஐயா" என்று முணுமுணுத்தார். "பிள்ளையார் முதுகுதானே என் பக்கம் இருந்தது!"

சொன்னவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்துக்குப் போட்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று சபைக்கு அன்றும் தெரியாது, என்றும் தெரியாது. நமக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.