வீடில்லை என்பதற்கு ஒரு சான்று

முதல் வீடு வாங்கும் ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவதற்கென்றே ஓர் ஊரில் நகர நிதிக் கழகம் இருந்தது. தரத்தான் மனசு வரவில்லை. இஸ்திரி போடும் செவந்தி நான்கு மாதமாக அங்கே நடந்தாள். ஆடி பிறக்குமுன் வாடகைக் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அதன் சொந்தக்காரர்.

"உனக்கு எங்கேயுமே வீடில்லைன்னு எப்படிம்மா நம்புறது? மாவட்டத்துல இருக்கிற எல்லா கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் எழுதி வாங்கிட்டு வா," என்றார் மேலாளர் சிகாமணி.

முந்நூறு கிராமம்! இல்லாத வீட்டுக்கு முந்நூறு சாட்சி கேட்பது எந்த ஊர் நியாயம்?

செவந்திக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சரிங்க சார். மாதிரிக்கு ஒண்ணு காட்டுங்க, அதே மாதிரி வாங்கிட்டு வரேன்."

"மாதிரிக்கு நான் எங்கே போவேன்?"

"வெளியே ஒட்டியிருக்கிற, கடன் வாங்கினவங்க பட்டியல்ல பதினோராவதா உங்க வீட்டம்மா பேர் இருக்கே, சார். அவங்க கொடுத்தது இருக்கும்ல? நேத்துகூட அவங்க சேலையைத் தேச்சு உங்க மாடி வீட்டுல கொடுத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னாடியே அவங்க பேர்ல கட்டினதுன்னு பெருமையா சொன்னாங்க."

"எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்க சார்!" என்றது அவள் பின்னால் கடனுக்காக நின்ற வரிசை.

சிகாமணி வியர்வையைத் துடைத்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? வீடில்லைன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடு, போதும்."

விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா, நாலு மாசமா உங்க சட்டையாவது நேரத்துக்கு வந்திருக்கும் சார்," என்றாள் செவந்தி.