ஏழாம் கேள்விக்கு வந்த பதில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்.

சமூகவியல் பேராசிரியை டெல்பின், வயது முப்பத்தெட்டு. அவரிடம் பகுதி நேரமாக ஆய்வு செய்யும் சங்கரநயினார், வயது அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஏணியில் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த கல்லூரி ஊழியர் இசக்கிமுத்து.

ஒலிப்பதிவுக் கருவிக்குள் குரலாக இன்னொருத்தி இருந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். பேச்சித்தாய் என்று வைத்துக்கொள்வோம். பேட்டி கொடுத்தவர்களின் நிஜப் பெயரைச் சொல்வதில்லை. அவளைச் சேர்த்தால் நான்கு.

“இருபத்து மூணு தாய்மாரையும் பார்த்தாச்சு மேடம்” என்றார் சங்கரநயினார். “எல்லாருக்கும் ஒரே பதில். காப்பகத்துல குறை ஒண்ணும் இல்லையாம். பிறகு ஏன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட மாட்டேங்காங்க?”

டெல்பின் கருவியை ஓடவிட்டார்.

உப்பளத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று சங்கரநயினார் ஒன்பது ஆண்டுகள் மனுப் போட்டவர். மொத்தம் நாற்பத்தொரு மனுக்கள். காப்பகம் வந்தது. முதல் வாரம் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு. அதன் பின் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் பழையபடி வரப்பில், ஓலை மறைப்புக்குக் கீழே, உப்பின் வெள்ளைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

பதினொரு நாளில் காப்பகத்தை நடத்தும் குழு கூடுகிறது. காரணம் தெரியாவிட்டால் காப்பகத்துக்குப் பூட்டு.

பேட்டி பன்னிரண்டு நிமிடம் ஓடியது. டெல்பின் கையில் ஒரு பென்சில். நடுநடுவே தாளில் ஒரு கோடு இழுத்தார். முடிந்ததும் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சங்கரநயினார் எண்ணினார். பத்தொன்பது கோடுகள்.

“இது என்ன மேடம்?”

“நீங்க ‘சரி’ன்னு சொன்னது.”

அவர் காது மடல் சூடானது. “பழக்கம். முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம்.”

“அவ எங்க சார் பதில் சொல்லுதா?” என்றார் இசக்கிமுத்து ஏணியிலிருந்து. “ஒப்பிக்கால்லா. எழுபது மார்க்கு போடலாம்.”

“இசக்கி, நீ ஃபேனைப் பாரு.” டெல்பின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சங்கரநயினாரைப் பார்த்தார். “அவங்க எங்க உட்கார்ந்திருந்தாங்க சார்?”

“உட்காரல. என்கிட்ட படிச்ச பிள்ளை. உட்காருன்னு சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை.”

“நீங்க?”

“நாற்காலியில.”

டெல்பின் கருவியைப் பின்னுக்கு ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். ஏழாம் கேள்வி.

‘காப்பகத்துல ஏதும் குறை உண்டா?’

‘குறைன்னா... அந்த நோட்டுலதான் சார்...’

‘என்ன? தெளிவாச் சொல்லு.’

‘ஒண்ணும் குறையில்ல சார்.’

‘சரி. எட்டாவது...’

மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறையும் ஓட்டினார்.

சங்கரநயினார் தான் எழுதி வந்த தாளைப் புரட்டினார். ஏழாம் கேள்விக்கு நேரே, அழகான கையெழுத்தில், ‘குறை இல்லை’ என்றிருந்தது. அந்த நோட்டு தாளில் இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் பாடம் சொன்னவர். ஒரு பிள்ளையின் பாதிப் பேச்சை மூன்று முறை கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. தன்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவரான அந்த அம்மாளின் முன் எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. கூச்சத்தில் உட்கார்ந்தே இருந்தார்.

“இன்னைக்கே போய் அது என்ன நோட்டுன்னு கேட்டுட்டு வந்துருதேன்.”

டெல்பின் எட்டி அவருடைய பையை எடுத்தார். கேள்வித்தாள், குறிப்பேடு, பேனா இரண்டு. அவற்றோடு ஒலிப்பதிவுக் கருவியையும் சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் கேக்க?”

“கேக்க வேண்டாம். அவங்களுக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாத வேலை ஒண்ணு சொல்லுங்க.”

“உப்பு வாரத் தெரியாது.”

“படிச்சுட்டு வாங்க.”

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சங்கரநயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

“ஏட்டி, எட்மாஸ்டர் சார் உப்பு வார வந்திருக்காவ!” வரப்பு நெடுகச் சிரிப்பு ஓடியது. “சார், லேட்டா வந்தா நாங்களும் முட்டி போட வைப்போம், பாத்துக்கிடுங்க!”

பேச்சித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. நீண்ட கழியில் பலகை அடித்த வாருபலகையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள்.

அவர் இழுத்தார். வெள்ளை உப்போடு கறுப்பாகச் சேறும் வந்தது.

“போச்சு” என்றாள். “அமுக்காதீய சார். அமுக்குனா அடிமண்ணுல்லா வரும். ஒரு பாத்தி உப்பும் வீணாப் போவும்.”

“எப்படித்தான் இழுக்கணும்?”

“பலக கனம் போதும். நீங்க கூட வந்தாப் போதும்.”

முதல் நாள் ஐந்து முறை சேறு வந்தது. இரண்டாம் நாள் மூன்று முறை. உப்புத்தண்ணீர் பட்டுக் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்து எரிந்தது. மூன்றாம் நாள் ஒரு பாத்தி முழுவதையும் சேறு வராமல் வாரி முடித்தார். யாரும் ‘சரி’ என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கஞ்சி வேளையில் பேச்சித்தாய் வந்து பக்கத்து வரப்பில் உட்கார்ந்தாள். கேட்காமலே உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்து அவர் பக்கம் ஒரு மிளகாய் நகர்த்தி வைத்தாள். அவளுடைய மகன், இரண்டு வயது, ஓலைக்குக் கீழே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“கண்ணுல தண்ணி வடியுதே” என்றார்.

“எப்பவும்தான்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த நோட்டை விழுங்கினார். எதிர்ப் பாத்தியில் ஒரு கொக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தது.

“அங்க விட்டா வடியாதுதான்” என்றாள் அவள், வாளியைப் பார்த்துக்கொண்டு. “மொத வாரம் விட்டேன். அப்போ நோட்டு வரல.”

அவர் மிளகாயை ஒரு கடி கடித்துக்கொண்டார்.

“நோட்டு வந்த பெறகு, கையெழுத்துப் போட்டாத்தான் பிள்ளைய எடுத்துக்கிடுவேன்னுட்டா ஆயா. கைநாட்டு வைக்கேன்னேன். மைப்பெட்டியே வாங்கல, இந்த ஊர்ல கைநாட்டே கெடையாது, எல்லாரும் நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவுக, அப்படின்னு எட்மாஸ்டர் சாரே சொல்லிட்டாவன்னா.”

காப்பகம் திறந்த அன்று மேடையில் அவர் சொன்னதுதான். கைதட்டினார்கள்.

“அஞ்சாப்பு வரைக்கும் போட்டேன் சார். நல்லாத்தான் போட்டேன். பதினாறு வருசமா இந்தக் கட்டையப் பிடிச்ச கையி, பேனாவப் பிடிச்சா நடுங்குது. உங்ககிட்டப் படிச்சுட்டு உங்ககிட்டயே வந்து, எழுத மறந்துபோச்சுன்னு எப்படிச் சொல்ல?”

“மத்தவங்க?” என்றார்.

“ஏழெட்டுப் பேருக்கு வரும்னு நினைக்கேன். ஆனா நாங்க வாசல்ல நிக்கையில அவளுக மட்டும் எப்படி உள்ள போவாளுக? இது எனக்குத் தெரிஞ்சது. அவளுக மனசுல என்ன இருக்கோ, அவளுகதான் சொல்லணும்.”

சங்கரநயினார் கும்பிடுவதுபோல் கைகளைச் சேர்த்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இதை நான் எழுதிக்கிடலாமாம்மா?”

“எழுதுங்க சார். அதுக்குத்தானே சொல்லுதேன்.”

கஞ்சி குடித்து முடித்ததும் அவர் வாருபலகையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடந்தார். அங்கே வேறொருத்தி வாரிக்கொண்டிருந்தாள்.

குழு கூட இன்னும் எட்டு நாள். ஒருத்தியைக் கேட்டாயிற்று. மீதி இருபத்திரண்டு பேர்.