மூக்கு சொன்னதை மறைத்த நாய்

மலையடிவாரத்து ஆற்றில் ஒரு நீர்நாய் இருந்தது. கரையோரத்து வளையில் அதற்கு மூன்று குட்டிகள். அவை கண் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் நீந்தத் தெரியாது.

அந்த ஆற்றங்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நாய் வரும். பெயர் பட்டாணி. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. அது தனியாக வராது. பரணி என்கிற மனிதனைக் கூட்டிக்கொண்டு வரும்.

ஆமாம், நாய்தான் மனிதனைக் கூட்டிக்கொண்டு வரும்! பரணிக்குத் தபால் ஆபீசில் வேலை. ஆறு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துப்போகும். ஏழாம் நாள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பட்டாணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் நடக்கக் கிளம்பிவிடுவான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, "எந்தப் பக்கம்டா?" என்று கேட்பான். பட்டாணி முகர்ந்து பார்த்து ஒரு பக்கம் இழுக்கும். பரணி மறுபேச்சில்லாமல் பின்னால் போவான்.

ஒரு மனிதன் இப்படி வாராவாரம் வழி கேட்டால் எந்த நாய்க்குத்தான் தலைக்கனம் வராது? பட்டாணிக்கும் வந்தது. வழியில் பார்க்கிற கீரி, முயல், ஓணான் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான்.

"இந்தப் பள்ளத்தாக்குல என் மூக்குக்குத் தெரியாம ஒரு எறும்பு நகர முடியாது!"

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் இதமாக இருந்தது. ஆற்றைக் கடக்கும் துறையில் முழங்கால் அளவு தண்ணீர்தான். பரணி ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்போது நீரிலிருந்து ஒரு தலை எழுந்தது.

"தம்பி, கொஞ்சம் நில்லு!" என்றது நீர்நாய்.

"ஓ, நீயா? மீன் நாத்தம் அடிக்கும்போதே நினைச்சேன்!" என்றது பட்டாணி.

நீர்நாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மேல்மலையில விடியக்காலையிலேருந்து மேகம் கட்டி நிக்குது. மத்தியானம் கொட்டப் போகுது. சாயங்காலம் வெள்ளம் இங்க வந்துரும். திரும்பி வர்றப்ப இந்தத் துறையில இறங்காதீங்க. மேல தொங்குபாலம் இருக்கு. அதுல போயிருங்க."

பட்டாணி அண்ணாந்து பார்த்தது. "வானம் பளிச்சுனு இருக்கே!"

"இங்க பளிச்சுனுதான் இருக்கும். தண்ணி அங்கேருந்துதானே வருது?"

"பாலத்துக்குப் போறதுன்னா ஒரு மணி நேரம் சுத்தணும்."

"சுத்தினா கால்தான் தம்பி வலிக்கும்."

பட்டாணிக்குச் சுருக்கென்றது. தனக்கு வழி சொல்ல ஒருத்தியா! "மழை வந்தா என் மூக்கு சொல்லும். நீ போய் மீனைப் பாரு!"

"சரி. அது சொன்னா கேட்டுக்க, அது போதும்" என்றது நீர்நாய். "நானும் குட்டிங்கள மேட்டு வளைக்கு மாத்தணும். அதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போட்டாத்தான் அதுங்களுக்குப் பால் வரும்." சொல்லிவிட்டு முங்கிப் போய்விட்டது. பரணியின் காதில் இதெல்லாம் ஏதோ கீச்சொலியாகத்தான் விழுந்தது.

பரணியும் பட்டாணியும் ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குள் நடந்தார்கள். நல்ல நடை. மருதமர நிழலில் பரணி எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தான். பட்டாணிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மூன்று இடத்தில் பாதை பிரிந்தது. மூன்று இடத்திலும் பட்டாணி சரியாகவே வழி காட்டியது. "என் ராசா, உனக்கு இருக்கிற மூளை எங்க மேலதிகாரிக்கு இல்லடா!" என்று பரணி அதன் கழுத்தைத் தேய்த்துவிட்டான். பட்டாணி அதற்குமேல் தரையில் நடக்கவில்லை, மிதந்தது.

நாலு மணிக்கு மறுபடி துறைக்கு வந்தார்கள். ஆறு காலையில் பார்த்த ஆறாக இல்லை. தண்ணீர் தொடையளவு ஏறியிருந்தது. சருகும் நுரையும் மிதந்து வந்தன.

பரணி நின்றான். "என்னடா பட்டாணி, தண்ணி ஏறினாப்ல இருக்கே. இதுலயே போயிரலாமா, பாலத்துக்குப் போவமா? எந்தப் பக்கம்டா?"

பட்டாணி குனிந்து தண்ணீரை முகர்ந்தது.

மூக்கு சொன்னது. தெளிவாகவே சொன்னது. இந்தக் கரையின் மண் கரிசல். தண்ணீரில் அடித்ததோ செம்மண் வாசனை. அது மேல்மலை மண். இப்போதுதான் நனைந்த மண். அங்கே மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. பின்னால் இன்னும் வரப்போகிறது. இவ்வளவும் ஒரே மூச்சில் பட்டாணிக்குத் தெரிந்துவிட்டது.

அது தலையைத் தூக்கியபோது எதிர்க்கரையில் நீர்நாய் தெரிந்தது. அன்றைக்கென்று அதற்கு மீன் கிடைக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது; இப்போதுதான் வாயில் இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் குட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியது.

"இறங்காத தம்பி! பாலத்துக்குப் போ! போயிரு!"

இப்போது திரும்பினால் என்ன ஆகும்? நீர்நாய் சொன்னதைக் கேட்டுத் திரும்பியது போல ஆகிவிடும். காலையில் அவ்வளவு பேசிவிட்டு, சாயங்காலம் வாலைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்குப் போவதா? எனக்கு இந்த இடத்தில் பட்டாணியின் அந்தப் பழுப்புக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருக்கிறது. என்ன செய்ய, அது கயிற்றை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பரணியும் இழுத்த இழுப்பில் ஷூவைக்கூடக் கழற்றாமல் இறங்கினான்.

பாதி ஆறு கடந்திருப்பார்கள். மேலேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது. அடுத்த நிமிடம் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நீந்திக்கொண்டிருந்த பட்டாணியை வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. பரணி கயிற்றைச் சுண்டி இழுத்து, அதை அள்ளிக்கொண்டு, நடு ஆற்றில் இருந்த ஒரு பாறைமேல் தொற்றி ஏறினான். பாறையில் இரண்டு பேர் ஒட்டி நிற்கத்தான் இடம் இருந்தது. அதுவும் முழுகிக்கொண்டே வந்தது.

"யாராவது இருக்கீங்களா? ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று பரணி கத்தினான். அந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?

பட்டாணி எதிர்க்கரையைப் பார்த்தது. காலையில் மீன் நாற்றம் என்று பழித்த வாய், இப்போது வேறு மாதிரி கத்தியது.

"அக்கா! அக்கா! காப்பாத்துக்கா!"

நீர்நாய் இரண்டு குட்டிகளை மேட்டு வளையில் விட்டுவிட்டு மூன்றாவதை எடுக்க ஓடி வந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு நின்றது. வளையைப் பார்த்தது. வாசலுக்குக் கீழே தண்ணீர் இன்னும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பாறையைப் பார்த்தது. பாறை முக்கால்வாசி முழுகிவிட்டது. முதலில் போகப்போவது பாறைதான்.

"அம்மா இதோ வந்துட்டேன் கண்ணு. அசையாம இரு" என்று வளைக்குள் சொல்லிவிட்டு ஆற்றில் பாய்ந்தது.

பாறையருகே தலையை நீட்டியது. "தம்பி, தண்ணிக்கடியில ஒரு கல்வரிசை கரைவரைக்கும் போகுது. நான் போற வழியிலயே வா. இம்மி விலகாத! அவரையும் இழுத்துட்டு வா!"

பட்டாணி அதன் வாலைப் பார்த்தபடியே நீந்தியது. கயிறு விறைத்தது. பரணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக மிதித்து வந்தான். பாதி வழியில் அவன் கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை.

"சீக்கிரம் தம்பி! சீக்கிரம்!" என்றது நீர்நாய். அது கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் அதைக் குறை சொல்லியிருக்க முடியாது. அது முங்கிப் போய், பல்லாலும் நகத்தாலும் பரணியின் ஷூக் கயிற்றை அறுத்தது. ஷூ அங்கேயே கிடக்க, கால் வெளியே வந்தது.

ஒருவழியாகக் கரையேறினார்கள். பரணி மணலில் குப்புற விழுந்தான். பிறகு எழுந்து பட்டாணியை வாரி அணைத்தான். "நீ இல்லேன்னா இன்னிக்கு நான் இல்லடா! வழி கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டியே, என் குலசாமி!" என்று அழுதான்.

நீர்நாயை அவன் பார்க்கவே இல்லை. அது அப்போது ஓரமாக நீந்தி வளை இருந்த இடத்துக்குப் போயிருந்தது. வாசல் தெரியவில்லை. வளை இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

நீர்நாய் முங்கியது. எழுந்தது. மறுபடி முங்கியது. பட்டாணி திமிறிக்கொண்டு பரணியின் கையிலிருந்து குதித்து, கரையோரம் ஓடியது. நீர்நாய் ஏழு தடவை முங்கியது. ஏழு தடவையும் வெறும் வாயோடு எழுந்தது.

"அக்கா..."

நீர்நாய் திரும்பிப் பார்த்தது. அதற்கு மூச்சு வாங்கியது. "காலையிலயே சொன்னேனே தம்பி."

பட்டாணியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும்கா. இறங்குறதுக்கு முன்னாடியே தெரியும். செம்மண் வாசனை வந்துச்சு."

"தெரிஞ்சுமா இறங்குன?"

நீர்நாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மீதி இரண்டு குட்டிகளும் மேட்டில் கத்திக்கொண்டிருந்தன. அது மெல்லத் தண்ணீரை உதறிவிட்டு அவற்றிடம் ஏறிப் போனது.

"வாடா ராசா, வீட்டுக்குப் போவோம்!" என்று பரணி ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டே கூப்பிட்டான். "நீ என்னைக் காப்பாத்துனத ஊரு பூரா சொல்லப்போறேன்!" சொன்னபடியே செய்தான். தெருவே திரண்டு வந்து பட்டாணியைத் தடவிக் கொடுத்தது. ஒவ்வொரு கை படும்போதும் அது தலையைத் தரையோடு வைத்துக்கொண்டது. அவர்களிடம் உண்மையைச் சொல்ல அதற்கு வழி இல்லை.

தெரிந்ததை வீம்புக்காக மறைப்பவன் பல நேரம் தப்பித்துக்கொள்கிறான்; அவனைக் காப்பாற்ற வந்தவர் தலையில்தான் அந்த வீம்பு விடிகிறது.