தொண்டை கட்டிய சுவர்க்கோழி

மலையடிவாரக் காட்டில் ஒரு பழைய பயணியர் விடுதி இருந்தது. அதன் சமையலறையில் உத்திரத்தாள் என்ற பல்லியும், செம்மணி என்ற தலைவியின் கீழ் ஓர் எறும்புக் கூட்டமும், அலமாரிக்குப் பின்னால் மினுக்கன் என்ற பூச்சியும் குடியிருந்தார்கள். உத்திரத்தாள்தான் அங்கே நாட்டாமை. கொசுவும் ஈசலும் தவிர வேறெதையும் தின்பதில்லை என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். "ஆனால் கரப்பான் மட்டும் உள்ளே வரக்கூடாது! வந்தால் விழுங்கிவிடுவேன்!" என்பது அவள் போட்ட சட்டம்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. காட்டுக்குளம் நிரம்பிக் கரை வழிந்தது. கரையோரப் பொந்தில் வாழ்ந்த ரீங்கன் என்ற சுவர்க்கோழியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சுவர்க்கோழி என்றால் கோழி அல்ல, 'கிறீச் கிறீச்' என்று ஓயாமல் பாடும் சின்னஞ்சிறு பூச்சி. ரீங்கன் நனைந்து, நடுங்கி, குதித்துக் குதித்து விடுதிக்கு வந்து சேர்ந்தான். பொழுது விடிந்தபோது சமையலறை ஜன்னலில் ஏறி உட்கார்ந்தான்.

உள்ளே ஒரே அமளி!

சமையற்காரி தெய்வானை ரவை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "ஐயையே! கரப்பான் புழுக்கை! நாத்தம் வேற குடலைப் புரட்டுது! இருங்க, மத்தியானமே மருந்து வாங்கிட்டு வந்து மூலைமுடுக்கெல்லாம் அடிச்சுடறேன். ஒரு பூச்சி பொட்டு மிஞ்சாது!"

அவள் துடைப்பத்தோடு தாழ்வாரம் பெருக்கப் போனாள். எறும்புகள் அழத் தொடங்கின. மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. சுவர் இடுக்கில் இருந்த எறும்புக் குஞ்சுகள் அத்தனையும் சாகும்.

"நம் வீட்டில் கரப்பானா? யார் அது?" என்று உத்திரத்தாள் மேலே இருந்து அதட்டினாள்.

மினுக்கன் ஜன்னலைப் பார்த்தான். அவன் கண் பளிச்சிட்டது.

"இதோ! இவன்தான்! ஜன்னல் வழியாகத் தப்பப் பார்க்கிறான்!"

உத்திரத்தாள் எட்டிப் பார்த்தாள். பழுப்பு உடம்பு. நீளமான மீசை. அவளுக்கு அது போதும்.

"பிடியுங்கள் அவனை!"

எறும்புகள் நான்கு பக்கமும் வளைத்துக்கொண்டன. ரீங்கனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கரப்பான் இல்லை! நான் சுவர்க்கோழி!" என்று பதறினான்.

எறும்புகள் கொல்லென்று சிரித்தன. "சுவர்க்கோழியா? எங்கள் வீட்டுச் சுவர்க்கோழி மினுக்கன் அண்ணன் அல்லவா!" என்றாள் செம்மணி.

"நீ சுவர்க்கோழி என்றால், எங்கே, ஒரு பாட்டுப் பாடு!" என்றாள் உத்திரத்தாள்.

ரீங்கன் இறக்கைகளை உயர்த்தி உரசினான். ஈர இறக்கைகள் ஒட்டிக்கொண்டன. 'சொத்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. உத்திரத்தாள் நாக்கை நீட்டியபடி சுவரில் இறங்கிவர ஆரம்பித்துவிட்டாள்.

"விழுங்குங்கள் அம்மா! ஏன் தாமதம்?" என்றான் மினுக்கன்.

ரீங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தான். "ஒரே ஒரு கேள்வி! இந்த மினுக்கன் பாடி நீங்கள் கேட்டதுண்டா?"

"இல்லை. பாவம், வந்த நாளிலிருந்து அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது" என்றாள் செம்மணி.

தொண்டையா! ரீங்கனுக்கு உயிர் திரும்பி வந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பணிவாகக் கேட்டான். "அண்ணே, தொண்டை நன்றாக இருந்த காலத்தில் பிரமாதமாகப் பாடியிருப்பீர்களே?"

மினுக்கன் மீசையை முறுக்கினான். "கேட்க வேண்டுமா? நான் வாயைத் திறந்தால் காடே கிறங்கிப்போகும்!"

"கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும்!" என்று ரீங்கன் கூவினான். "சுவர்க்கோழி வாயால் பாடுவதே இல்லை! இறக்கையோடு இறக்கையை உரசித்தான் பாடும்! தன் பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதவன் என்ன சுவர்க்கோழி?"

எறும்புகள் எல்லாம் மினுக்கன் பக்கம் திரும்பின.

"பொய்! புளுகு!" என்று மினுக்கன் கத்தினான்.

"இரண்டு பேரும் அடித்துப் பேசுகிறீர்கள். யாரை நம்புவது?" என்றாள் செம்மணி.

"பேச்சை நம்பவேண்டாம். என் பின்னங்கால்களைப் பாருங்கள். தொடை பருத்து, மற்ற கால்களைவிட எவ்வளவு நீளம்! எதற்கு? இதற்குத்தான்!"

ரீங்கன் தாவினான். எறும்பு வளையத்தைத் தாண்டி, ஆட்டுக்கல்லைத் தாண்டி, அடுப்பு மேடையில் போய் உட்கார்ந்தான். "ஹா!" என்றன எறும்புகள்.

"இப்போது நீ குதி" என்றாள் உத்திரத்தாள்.

மினுக்கன் இளித்தான். "மழைக்காலம் பாருங்கள், முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது…"

"தொண்டையும் போச்சு, முழங்காலும் போச்சா?" என்று அதட்டினாள் உத்திரத்தாள்.

அவள் முதல்முறையாகத் தரைவரை இறங்கி வந்தாள். மினுக்கனைக் கிட்டத்தில் உற்றுப் பார்த்தாள். அவன் உடம்பு தட்டையாக, இடுக்கில் நுழைவதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆறு கால்களும் ஓடுவதற்கு ஏற்ற முள்ளுக் கால்கள். மேலிருந்து பார்த்தால் தலையே தெரியவில்லை! ஒரு கேடயத்தின் கீழே அது ஒளிந்திருந்தது. ரீங்கனுக்கோ உருண்டைத் தலை வெளியே பளிச்சென்று நின்றது.

செம்மணி மினுக்கனை மோந்து பார்த்தாள். "அம்மா! ரவை டப்பாவில் அடித்த அதே நாற்றம்!"

அந்த நேரம் அடுப்பின் சூட்டில் ரீங்கனின் இறக்கைகள் உலர்ந்திருந்தன. அவன் அவற்றை நிமிர்த்தி உரசினான். 'கிறீச்! கிறீச்! கிறீச்!' பாட்டு கணீரென்று சுவரெல்லாம் எதிரொலித்தது.

"கரப்பான்! மினுக்கன்தான் கரப்பான்!" என்று எறும்புகள் ஆர்ப்பரித்தன.

மினுக்கன் அலமாரி இடுக்குக்கு ஓடினான். எறும்புகள் அடைத்து நின்றன. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் ஓடினான். உத்திரத்தாள் வாயைப் பிளந்து நின்றாள். வேறு வழியில்லாமல் நடுத்தரையில் வெளிச்சத்தில் ஓடினான். அப்போதுதான் தெய்வானை உள்ளே வந்தாள்.

"அடேய்! நீதானா அது?"

துடைப்பம் சுழன்றது. ஒரே வீச்சில் மினுக்கன் வாசல் தாண்டி, மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் போய் விழுந்தான். காட்டின் அந்தக் கோடிவரை அவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

தெய்வானை அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேறு கரப்பான் இல்லை. "ஒத்தைக் கரப்பானுக்கா மருந்து? கழுவி விட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள்.

சுவர் இடுக்கில் எறும்புக் குஞ்சுகள் பிழைத்தன! எறும்புகள் ரீங்கனைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையலறையைச் சுற்றி ஊர்வலம் வந்தன. ரீங்கன் பாடிக்கொண்டே வந்தான்.

உத்திரத்தாள் தலைகுனிந்து அவன்முன் நின்றாள். "தம்பி, உத்திரத்தில் உட்கார்ந்தபடியே உன்னைப் பார்த்தேன். நிறத்தையும் மீசையையும் மட்டும் பார்த்தேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் உன்னை விழுங்கியிருப்பேன். மன்னித்துவிடு. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கதகதப்பான இடம் இனி உன்னுடையது."

"கிட்ட வந்து பார்த்தீர்களே அம்மா, அது போதும்!" என்றான் ரீங்கன்.

மேலோட்டமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் கெட்டவனைக் காப்பாற்றி நல்லவனைத் தண்டிப்பார். கிட்ட நெருங்கி ஒருவரின் இயல்பைப் பார்க்கிறவருக்கே உண்மை புலப்படும்.